ஆறாவது நாற்காலியின் கலர்

பழைய மரச்சாமானுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவர்கள் பெங்களூரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நகக்கண்ணில் பெயின்டும் காதில் வாடிக்கையாளர் குரலுமாகத்தான் தூங்கப் போவார்கள். அவர்களுக்காகவும், இப்படி ஒருவனிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கடை ஜீவனஹள்ளியில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. என்னிடம் வருவதெல்லாம் அறுபது எழுபது வருஷத்துச் சாமான்கள். சாய்ந்த கால் நாற்காலி, ரேடியோ ஸ்டாண்ட், கண்ணாடிக் கதவு ஷோகேஸ். சுற்றுவட்டாரத்தில் பங்களாக்கள் இடிபட இடிபட அவை வெளியே வரும். அபார்ட்மென்டில் இருக்கிறவர்கள் ஆசைப்பட்டு வாங்குவார்கள். வாங்கியதும் அந்தப் பழுப்பு நிறம் பிடிக்காது. அங்கே நான் வருவேன்.

புள்ளிப் படம்

இளம் வயதில் ரயில்வே வேலைக்குப் போனேன். எழுத்துப் பரீட்சை பாஸ். மருத்துவப் பரிசோதனையில் ஒரு டாக்டர், புள்ளி புள்ளியாக இருந்த படத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். புள்ளிதான் தெரிகிறது என்றேன். இன்னொரு படம் காட்டினார். அதிலும் புள்ளிதான். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது என்பது அன்றுதான் தெரிந்தது. தக்காளி பழமா காயா என்று இன்றும் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

பிறகு ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினேன். அதை மூடினார்கள். என் மனைவி எஸ்தர் கோலார் தங்கவயல்காரி. சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பக்கத்துத் தெருவில் காலி செய்த பங்களாவிலிருந்து ஆறு சாப்பாட்டு நாற்காலிகளை வாங்கி வந்து, இதற்குப் பெயின்ட் அடிக்கலாம், பிடித்துப்போனால் ஊருக்கே அடிக்கலாம் என்றாள். கலர் தெரியாதவன் எப்படிப் பெயின்டர் ஆவது என்று கேட்டேன். அவள் சொன்னது: "கலர நான் பாத்துக்கறேன். நீங்க பிரஷ்ஷ நேரா புடிங்க, போதும்."

ரேடியோ ஸ்டாண்ட்

வேலை வர ஆரம்பித்ததும் எங்கள் நாற்காலிகள் பின்னால் போய்விட்டன. மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு இளம் தம்பதி ரேடியோ ஸ்டாண்ட் ஒன்று கொண்டுவந்தார்கள். அந்தப் பையனின் தாத்தா காலத்தில் வாங்கியது. மெஹந்திப் பச்சை அடிக்க வேண்டும், அடித்த பிறகு பழசு மாதிரித் தெரிய வேண்டும் என்றார்கள். அது ஏற்கெனவே பழசுதான் என்றேன். அந்தப் பழசு இல்லை, வேறு பழசு என்று கைப்பேசியில் படம் காட்டினார்கள்.

தேய்த்து, பட்டி வைத்து ஓட்டைகளை அடைத்து, பிரைமர் அடித்து, எஸ்தர் கலக்கிக் கொடுத்த மெஹந்தியை இரண்டு கை அடித்தேன். பளபளவென்று புதுசாக ஆனது. பிறகு உப்புத்தாளை எடுத்து மூலைகளிலும் விளிம்புகளிலும் அடித்த பெயின்டை நானே சுரண்டினேன். வாங்கிப் போக அந்தப் பையனின் அப்பா வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாண்டைச் சுற்றி நடந்தார். சுரண்டிய மூலையை விரலால் தடவினார். சொன்னார்: "இதுக்கா ரெண்டு வாரம்? என் பேரன்கிட்ட விட்டிருந்தா ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சிருப்பானே ஸ்வாமி!"

பப்பாளி

கலரைச் சொல்லத் தெரியாதவர்கள் பொருளைக் கொண்டுவருவார்கள். சேலை முந்தானை, குழந்தையின் தட்டு, ஒருமுறை ஒரு பல் துலக்கும் பிரஷ். ஈஜிபுராவிலிருந்து ஒருவர், மனைவியின் எழுது மேசையோடு முழுப் பப்பாளி ஒன்றை வைத்துவிட்டு, "உள்ள இருக்கற கலராம்" என்று சொல்லிப் போனார்.

எஸ்தர் அதை வெட்டி ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டாள். டப்பாவில் ஒரு சொட்டு, குச்சியால் ஒரு கலக்கு, பழத்தைப் பார்ப்பது, மறுபடி ஒரு சொட்டு. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். எனக்கு அந்தக் கலரும் ரேடியோ ஸ்டாண்டின் கலரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரிந்தன, சொல்லவில்லை. வேலை முடிந்த பழத்தை என்ன செய்வது? சாப்பிட்டோம். மேசையை எடுக்க வந்தவர் மேசையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "சாப்ட்டுட்டீங்களா? மாதிரிக்குன்னு சொல்லி வீட்ல எனக்கு ஒரு துண்டு குடுக்கலைங்க!"

சாப்பாட்டு மேசை

இப்படி ஊர் வேலைக்கு நடுவே, கை ஓய்ந்த நாட்களில், எங்கள் நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக முடித்தோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். எஸ்தர் டப்பாவை நீட்டுவாள், நான் அடிப்பேன். முன்னே அடித்த அதே கலர்தானா என்று கேட்டால், "அதேதான், அடிங்க" என்பாள். முடித்ததை மேசையைச் சுற்றிப் போட்டுப் பார்ப்பேன். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலிகளைப் பார்த்ததும் சிரிப்பார்கள். வேலை பிடித்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஐந்தாவது முடிந்த சமயத்தில் எஸ்தரின் தம்பி டேவிட் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்திருந்தான். மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, நீ ஒரு ஆளுதான்!"

நம்பர்

ஆறாவது நாற்காலிக்கு பிரைமர் அடித்துக் காய வைத்திருந்தபோது எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. நாற்காலி வெறும் பிரைமரோடு சுவர் ஓரம் நின்றது.

என் குறையைக் கடைக்கு வருகிறவர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. பச்சை தெரியாத பெயின்டரிடம் யார் நாற்காலியைக் கொடுப்பார்கள்? ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தக் கலர் வேண்டுமானாலும் ஷேட் கார்டு பார்த்து நம்பர் எழுதித் தர வேண்டும். அந்த நம்பரைப் பெயின்ட் கடையில் கொடுத்தால் மெஷின் கலந்து தந்துவிடும். பப்பாளி, முந்தானை எதுவும் வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண், புக் ஷெல்ஃபோடு வந்தாள். "ஒரு மாதிரி மழைக்கால மரம் மாதிரி, அங்கிள்" என்று ஆரம்பித்தாள். நம்பர் என்றேன். "கொஞ்சம் சோகமான பச்சை." நம்பர் என்றேன். ஒரு மணி நேரம் கார்டோடு உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்போது சொன்னாள்: "அங்கிள், எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு ப்ராசஸ் ஃபாலோ பண்ற ஆள் கிடையாது."

வெள்ளை அலமாரி

நம்பர் காப்பாற்றாத இடமும் உண்டு. ரோஸ்வுட்டில் இயற்கையாகவே சாயம் இருக்கும். அதன் மேல் வெள்ளை அடித்தால் உள்ளிருந்து சிவப்பு ஊறி மேலே வரும். முதலில் அரக்குப் பூச்சு கொடுத்து அடைக்க வேண்டும். எத்தனை கை என்பது மரத்தைப் பொறுத்தது. எஸ்தர் இருந்தவரை தள்ளி நின்று பார்த்து, "இன்னும் வருது, இன்னொரு கை" என்பாள். இந்த முறை அவள் இல்லாமல் ஒரு ரோஸ்வுட் அலமாரிக்கு வெள்ளை அடித்தேன். என் கண்ணுக்கு வெள்ளைதான். அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் அந்த அம்மாள் கூப்பிட்டார். போய் அலமாரியின் முன் நின்றேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கங்கே லேசாக அழுக்குப் பட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்: "வெள்ளைதான் சார் கேட்டேன். இது பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு."

சலீம்

அலமாரியைத் திரும்பக் கொண்டுவந்து, அரக்கை இன்னும் சில கை கூட்டி அடித்துச் சரி செய்து கொடுத்தேன். அன்றைக்கே கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். இன்று வெள்ளை, நாளை வேறொன்று. ஆனால் மூடுவதற்கு முன்னால் ஆறாவது நாற்காலியை முடித்துவிட வேண்டும். மற்ற ஐந்தோடு அது சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் கையால் கலக்கிய கலருக்கு நம்பர் கிடையாது. பெயின்ட் கடையில் எந்தப் பொருளைக் காட்டினாலும் அதே கலரை அளந்து சொல்கிற கருவி வந்திருக்கிறது என்றார்கள். ஒரு நாற்காலியை எடுத்துப் போய்க் காட்டலாம் என்று டெம்போ ஓட்டும் சலீமைக் கூப்பிட்டேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் சாமான்களை ஏற்றி இறக்குகிறவர் அவர்தான்.

மேலே வந்தார். எதை எடுக்கட்டும் என்றார். ஏதாவது ஒன்றை எடு, எல்லாம் ஒரே கலர்தானே என்றேன்.

சலீம் நாற்காலியைத் தூக்கவில்லை. தலையைச் சொறிந்தார். "அண்ணா, எதுக்கு மேட்ச் பண்ணணும்?"

"இதுக்குத்தான்."

"இதுன்னா? இது மெஹந்தி. மல்லேஸ்வரம் ரேடியோ ஸ்டாண்ட் இருந்துச்சே, அந்தக் கலர். இது ஈஜிபுரா பப்பாளி. இது கடுகு. இது செங்கல். இதோ இதுக்குப் பேரே இல்ல, ஒரு கஸ்டமர் அம்மா வாந்தி கலர்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சாங்களே, அது."

நான் மேசையருகே உட்கார்ந்தேன். எந்தக் கலரில் உட்கார்ந்தேன் என்று தெரியாது. உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாற்காலியிலிருந்தே தெரியுமாம். எஸ்தரிடம் கேட்டாராம். அவள் சொன்னதை அப்படியே அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "அண்ணனுக்கு எல்லாம் ஒண்ணுதான் சலீம் பாய். மிச்சப் பெயின்ட்ட எதுக்கு வீணாக்கணும்?"

ஆறாவது

பெயின்ட் கடைக்குப் போகவில்லை. கீழே இறங்கி, மிச்ச டப்பாக்கள் இருக்கும் பலகையிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்தேன். மூடியில் நம்பர் இருந்தது, பார்க்கவில்லை. பிரஷ்ஷை நேராகப் பிடித்து இரண்டு கை அடித்தேன். காய்ந்ததும் மேலே கொண்டுபோய் மற்ற ஐந்தோடு போட்டேன். ஆறும் அழகாகச் சேர்ந்திருந்தன.

மறுவாரம் ஒரு கட்டிலை ஏற்ற வந்த சலீமை மேலே வரச் சொல்லிக் காட்டினேன். என்ன கலர் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லாதே என்றேன். கடையை மூடப் போவதையும், அதற்கான காரணத்தையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு ஏன் மூட வேண்டும் என்றார். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தான் ஒருமுறை பார்ப்பதாகவும், அதற்குத் தனிக் கூலி இல்லை, ஒரு டீ போதும் என்றும் சொன்னார். பிறகு மறுபடியும் மேசையைச் சுற்றிப் பார்த்தார். டேவிட் சிரித்த அதே சிரிப்பு. "அண்ணா, நீங்களும் ஒரு ஆளுதான்!"

ஆறு நாற்காலிகளும் எனக்கு ஒரே கலரில்தான் இருக்கின்றன. கடை திறந்திருக்கிறது, வருகிறவர்கள் நம்பரோடு வரவும்.