லோபாக் சந்திரன் என்கிற மயிலம்மாள்

பால்மரம் சீவியவள் காதல் கதை எழுதினாள் என்று சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பெண்களே அந்தக் கதையைக் கேட்டுவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தியதை நான் பார்த்திருக்கிறேன். என் பெயர் பஞ்சாலை. மயிலம்மாளுக்குப் பக்கத்து நிரையில் பதினோரு வருஷம் மரம் சீவியவள். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

மலாயாவில் கோலா கிளாவாங் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். மயிலம்மாளின் புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன், திரும்பவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாமியார் முத்தாயியோடு, தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் இருந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், கையில் எது கிடைத்தாலும் படிப்பாள், சாமான் கட்டிய தாள் உட்பட. ஒரு நாள் ஏதோ வாரப் பத்திரிகைக் கதையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இதுல வர்ற பொண்ணு ஒரு நாளாச்சும் வேலைக்குப் போனதா தெரியல, பஞ்சாலை. அவளுக்குக் காதலிக்க நேரம் கெடக்கு. நமக்கெல்லாம் எப்ப?"

நமக்கு ஏதடி காதல் என்று நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அவள் எழுதும் விதமே தனி. மரத்துக்கு ஒரு வரி. உளியைக் கோட்டில் வைத்து இழுக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பால் மரத்தில் கட்டிய மங்குக்குள் சொட்டுவதற்குள் வரி அமையவில்லை என்றால் அதை அந்த மரத்தடியிலேயே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். முந்நூற்றுச் சொச்சம் மரம் முடியும்போது நல்ல வரியாக நூறு தேறும், அத்தனையும் மனப்பாடம். காலையில் பசியாற உட்காரும் நேரத்தில் எனக்கு மட்டும் சொல்லிக் காட்டுவாள். நான் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டே கேட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவாள். தின்ன மறந்து உட்கார்ந்திருந்தால் அந்த இடம் நிற்கும். நான் பசியோடு எழுந்துபோன நாள்கள் எத்தனையோ. அவள் நாவலில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது பொய்யில்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. கதையில் யார் எங்கே நடந்தாலும் அவள் அந்த இடத்தில் நடந்து பார்க்க வேண்டும். குழாயடியிலிருந்து கோயிலுக்கு எத்தனை எட்டு, சேலை கட்டியவள் ஓடினால் எவ்வளவு நேரம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எந்த முனையில் நிற்பார், எல்லாவற்றையும் தாளில் படம்போட்டு எழுதி வைத்துக்கொள்வாள். மனசைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம், தூரத்தை மட்டும் தப்பாக எழுதினால் தோட்டத்து ஜனம் மன்னிக்காது என்பாள்.

கைம்பெண் காதல் கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் லயத்தில் அவளை வாயாலேயே கொன்றிருப்பார்கள். அதனால் ஆண் பெயர். என் அண்ணன் ராமகிருஷ்ணன் தோட்டத்து லோரி ஓட்டினான். சிரம்பானுக்குப் போகும்போது தபாலில் சேர்ப்பது அவன் வேலை. சிரம்பானில் லோபாக் பக்கம் இருந்த அவன் சிநேகிதனின் தையல் கடைதான் விலாசம். இப்படித்தான் லோபாக் சந்திரன் பிறந்தார். பத்திரிகையில் தொடர்கதை வாராவாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் அதை வாசிப்பார்.

கிராணி நல்லவர்தான், ஆனால் அளக்காமல் அவரால் இருக்க முடியாது. லோபாக் சந்திரனைத் தாம் நேரிலேயே பார்த்ததாக ஒரு நாள் அள்ளிவிட்டார். தங்க பிரேம் கண்ணாடி, மெட்ராஸில் பி.ஏ. படித்தவர், தம் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மயிலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காலையில் கேட்டில் சோதனை செய்துதான் வேலைக்காட்டுக்கு விடுவார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறு வெளியே போக விடமாட்டார்கள். பசியாறுவது என்றால் கேட்டுக்கு வெளியே வெறும் தேத்தண்ணிதான். சோறு கடத்தியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், விசாரணை இல்லாமல் அடைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

மற்ற எழுத்தாளர்களின் காதலர்கள் பூந்தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது, இவள் அந்த முள்கம்பியைக் கொண்டுபோய்க் கதைக்கு நடுவில் போட்டாள். பெண் வேலிக்கு இந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்துப் பையன் அந்தப் பக்கம். எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. வேறு எவனுக்கும் அது தோன்றவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை காலை. கேட்டில் சோதனை செய்த பெண் மயிலம்மாளின் தலைத்துண்டை அவிழ்த்தாள். ஆள்கணக்கு எழுதும் பழைய செக்ரோல் தாள் ஒன்று விழுந்தது. பின்பக்கத்தில் எங்கள் வேலியின் படம். கேட் திறக்கும் நேரம், காவல்காரன் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம். மூங்கில் புதரிலிருந்து வேலிக்கு நூற்றுப்பத்துக் காலடி. அடியில், சோற்றுப் பொட்டலம் இங்கே கை மாறும், அவன் காட்டு வழியாகத் திரும்பிப் போவான்.

கதையில் வரும் பையன் பட்டினி, பெண் அவனுக்குச் சோறு கொடுக்கப் போகிறாள். அது எனக்குத் தெரியும். போலீசுக்கு எப்படித் தெரியும்? அவளை டிரக்கில் ஏற்றினார்கள். என்னையும் கூட்டிப்போங்கள் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

கோலா கிளாவாங் போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. மொழிபெயர்க்க மைக்கல்ராஜ் என்ற தமிழ்ப் போலீஸ் சார்ஜன். மயிலம்மாள் எதையும் பூசி மெழுகவில்லை. நான்தான் லோபாக் சந்திரன், இது வரப்போகும் அத்தியாயத்துக்குப் போட்ட படம் என்று சொன்னாள். மைக்கல்ராஜ் அவளுடைய பால் படிந்த சேலையையும் கையையும் ஏற இறங்கப் பார்த்தார். அவர் சம்சாரம் டோரின் அந்தக் கதையை விடாமல் படிக்கிறவராம், அதை மரம் சீவுகிறவள் எழுதினாள் என்பதை அவர் நம்பவில்லை. நான் சத்தியம் செய்தேன், என் அண்ணனை விசாரிக்கச் சொன்னேன். நீங்கள் எல்லாம் ஒரே கூட்டு என்று சொல்லிவிட்டார். தோட்டத்திலிருந்து படித்த மனுஷர் ஒருவரை வரவழைத்தார்கள். வந்தவர் கிராணி.

லோபாக் சந்திரனை நீங்கள் பார்த்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று மைக்கல்ராஜ் கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம் துரையைப் பார்த்தார். தோட்டத்து ஜனத்திடம் அளந்தது பொய் என்று வெள்ளைக்காரன் முன்னால் ஒத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

"பாத்திருக்கேங்க. அவரு வேற ஆளு."

அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன், கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்துக்கொண்டான். துரை பேனாவை மூடினார். அடைத்து வைத்து, கப்பலுக்கு எழுதிவிடலாம் என்று துரை சொன்னதை மைக்கல்ராஜ் தமிழில் சொன்னார். மயிலம்மாள் பிறந்தது இந்த மண்ணில். நாகப்பட்டணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள்.

"ஐயா, ஞாயித்துக்கெழம பேப்பர்ல வரப்போறது ஏற்கெனவே அச்சாபீஸ்ல இருக்கு. நான் இப்ப சொல்றேன், நீங்க எழுதிக்குங்க. ஒத்து வரலன்னா கப்பல்ல ஏத்துங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். வலது கை அவளை அறியாமலே உளி பிடித்ததுபோல் இழுத்தது, நின்றது, அடுத்த மரத்துக்குப் போனது. மைக்கல்ராஜ் எழுதினார், ஒன்பது பக்கம். கான்ஸ்டபிள்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். தேத்தண்ணி கொண்டுவந்தவன் அதை யாருக்கும் கொடுக்காமல் தட்டோடு நின்றான். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் இனி பெயரை மறைக்க வழியில்லை என்பதும் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த கிராணி தலையைக் குனிந்தபடியே இருந்தார். பத்திரிகை வரும்வரை அவளை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. முத்தாயி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளின் நல்ல சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போலாமா என்று என்னைக் கேட்டாள்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் பத்திரிகை வந்தது. மைக்கல்ராஜ் ஒரு விரலைப் பத்திரிகையிலும் ஒரு விரலைத் தம் தாளிலும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனார். துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஏழாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. தாளில் பெண் 'ஏங்க' என்று கூப்பிடுகிறாள், அச்சில் 'அன்பே' என்று இருக்கிறது என்றார்.

மயிலம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"அன்பேயா? எந்தத் தோட்டத்துல எவ அன்பேன்னு கூப்புடுறா? நான் அப்படி எழுதலிங்க. எவனோ மாத்திட்டான். அந்தப் பேப்பரைக் குடுங்க, வேற எங்க கைய வச்சிருக்கான்னு பாக்கணும்."

மைக்கல்ராஜ் தாளைக் கீழே வைத்துவிட்டார். துரையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். இவள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். துரை முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கதையில்கூடச் சோறு வேலியைத் தாண்டக் கூடாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க, தாண்டாது. அவன் அந்தப் பக்கம் பட்டினி, அவ இந்தப் பக்கம் சோத்த வச்சிக்கிட்டுப் பட்டினி. இதுதான் இன்னும் நல்லாருக்கு."

மைக்கல்ராஜ் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, துரை விடுதலைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

தாளை மைக்கல்ராஜ் நிரப்பினார். பெயர், வயது, தோட்டம், தொழில். கையெழுத்துப் போடச் சொல்லி அவள் பக்கம் தள்ளினார். தொழில் என்று என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். மரம் சீவுறவ என்றுதான், வேறென்ன என்றார் அவர்.

"அது சரிங்க. பக்கத்துல நாவலாசிரியைன்னும் எழுதுங்க."

அதற்கெல்லாம் கட்டத்தில் இடமில்லை என்றார். இடமிருக்கும், எழுத்தைச் சின்னதாக எழுதுங்கள் என்றாள். முத்தாயி சேலையை அணைத்துக்கொண்டு நின்றாள், நான் நின்றேன், வாசலில் கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். மைக்கல்ராஜ் பேனாவை மறுபடி திறந்து, கட்டத்தின் ஓரத்தில் இடுக்கி எழுதினார். எழுதியதைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டச் சொன்னாள். அவர் வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.