கிடங்குக் கதவைத் தட்டியவர்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். கன்னியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நூரு, சலோமி அக்கா பூட்டாங்கடி. காலைல ஆஸ்பத்திரியிலயே." வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் சலோமியை மனு எழுதித் தரும் அக்காவாக அறிவீர்கள். அதற்கு முன்பு ஆறு ஆண்டுகள், டப்பா மூடி செய்யும் பட்டறையில் ஒரே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் நான். அந்த நாட்களைப் பற்றி மற்றவர்கள் எழுத முடியாது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற பட்டறை என்றால் எல்லோரையும் அரசுக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். கார்டு இருந்தால் டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கும். அடிபட்டு வீட்டில் கிடந்தால் கூலியில் ஒரு பங்கும் வரும். அதைத் தட்டிக்கழிக்க எங்கள் முதலாளி பதிவேட்டில் எட்டுப் பேரைத்தான் காட்டினார். மீதிப் பதினொரு பேரும் பெண்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் எங்களைத் தகரக் கிடங்கில் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். எண்ணெய் நாற்றம், புழுக்கம். உட்காரக்கூட இடம் இருக்காது. ஒருவர் இருமினால் மற்றவர்கள் முறைப்போம்.

முதல்முறை அப்படி அடைத்தபோதே சலோமி அக்கா, "நான் கத்தப் போறேன்" என்று கிசுகிசுத்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். என் கணவர் அப்போது வேலையில்லாமல் இருந்தார்; என் கூலியில்தான் நான்கு பேர் சாப்பிட்டோம். சலோமி அக்கா என் கையைத் தட்டிவிடவில்லை. இன்ஸ்பெக்டரின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றோம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கன்னியம்மாவின் இரண்டு விரல்கள் தகரம் அழுத்தும் பிரஸ் மெஷினில் போயின. அந்தக் கிடங்கில் எங்களோடு நின்றவள்தான் அவளும். சாக்கைச் சுற்றி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் நிற்கக் கட்டுப் போட்டார்கள். அதற்கு மேல் பார்க்கக் கார்டு கேட்டார்கள். அங்கிருந்து ரயிலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் சலோமி அக்கா அவள் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நூரு, நாம தர்மம் கேக்கல. சட்டத்துல இருக்கறதத்தான் கேக்கறோம்."

அடுத்தமுறை, கன்னியம்மா போக மீதிப் பத்துப் பேரைக் கிடங்கில் அடைத்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் தகரக் கதவைத் தட்டினார்.

"சார்! உள்ள பத்துப் பேர் கீறோம் சார்! வெளில தாழ்ப்பாள் போட்டுக்கீது!"

கதவு திறந்தது. வெளிச்சத்தில் எங்களுக்குக் கண் கூசியது. சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க சார்" என்றார்.

சலோமி அக்கா தகரம் கிழித்த தழும்புகளோடு உள்ளங்கைகளை நீட்டினார். "வேடிக்கை பாக்க வந்தவங்க கையா சார் இது?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் வாட்ச்மேன் சலோமி அக்காவை மட்டும் நிறுத்தினார். "உன்னை உள்ள வுட வாணாம்னு சொல்லிட்டாங்கம்மா." நாங்கள் தயங்கி நின்றோம். "போங்கடி, சங்கு ஊதிட்டான்" என்று சலோமி அக்காவே எங்களை விரட்டினார். நாங்கள் உள்ளே போனோம். ஒருத்திகூட அவரோடு வெளியே நிற்கவில்லை.

சில மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் கார்டு வந்தது. கன்னியம்மாவையும் பாக்கிங்கில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சலோமி அக்காவுக்கு மட்டும் கார்டு வரவில்லை. அவர்தான் தொழிலாளி இல்லையே. அதன்பிறகு வீட்டில் தையல் மிஷின் போட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டார். பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம்வரை பட்டறை பட்டறையாகப் போய்ப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. என் கார்டில் அவர் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்கக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர். "உங்களுக்கு என்ன உறவும்மா?"

"அக்கா."

பெயர்களைப் பார்த்தார்: நூர்ஜஹான், சலோமி. "கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் சேர்க்க முடியாதும்மா. ரூல் அப்படி." வேறு எந்த ஜன்னலில் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து சொன்னபோது சலோமி அக்கா சிரித்தார். "அப்போ ரூலை மாத்தச் சொல்லி எழுதணும். பேப்பர் எடு." பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல், தரையில் பாயில் படுத்துக்கொண்டு சொன்னார் அதை.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த மனு என்னிடம் இருக்கிறது. பத்துப் பேர் இல்லாத சின்னப் பட்டறைகளுக்கும் காப்பீடு வேண்டும். நியாயம் கேட்டதற்காக வேலையிழந்தவர்களுக்கும் வேண்டும். இதுவரை நூற்றுச் சொச்சம் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அதைக் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இப்போதும் இருக்கிறது.

சலோமி அக்காவிடமிருந்து துணிச்சலைக் கற்றேன் என்று எழுத ஆசைதான். அது பொய். பயந்துகொண்டே போய் நிற்கலாம் என்பதை மட்டும்தான் அவரிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறேன்.