குடும்பத்தின் நிறையும் ஒரு புரொப்பெல்லரும்

குட்மேய்ஸில் மற்ற வீட்டுக்காரர்கள் ரோசாச் செடி வைத்திருந்த இடத்தில் நான் ஒரு போட் வைத்திருந்தேன். பதினேழு அடி பைபர் போட், பின்னால் அறுபது குதிரைவலு எஞ்சின். எசெக்ஸ் கரையில் பாஸ் மீன் பிடிக்கவென்று ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்து, முழங்கால் வருத்தம் வந்ததும் என் தலையில் கட்டியது. பாஸ் என்பது எங்கள் கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கும் பழகத் தெரியாது, லேசில் பிடிபடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூன்று அறை வீட்டில் நாங்கள் ஏழு பேர். நான், மனைவி, இரண்டு மகள்கள், மனைவியின் தம்பி, மாமி, மாமியின் தமக்கை. குளியலறை ஒன்று. காலையில் அதன் வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் யாரோ உள்ளே விசா கொடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும். ஊரில் எஞ்சினியருக்குப் படித்த நான் இங்கே பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நாள் முழுக்க 'எந்தப் பம்ப்?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கதைப்போம். அதில் ஆகப் பெரிய சத்தம் என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே சனிக்கிழமை விடிந்ததும் மச்சானும் நானும் போட்டை வேனின் பின்னால் கொழுவிக்கொண்டு தேம்ஸ் கடலோடு சேரும் பக்கமாகப் போய்விடுவோம். மச்சான் அதிகம் கதையாத மனிதர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, "அத்தான், ஒண்டும் கடிக்கேல்லை" என்பார். நான் "ஓம்" என்பேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த அமைதிக்காக நான் கிழமை முழுவதும் காத்திருந்தேன்.

அதற்கு முடிவு ஒரு கடிதத்தில் வந்தது. எங்கள் போட் தன் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி கவுன்சிலுக்கு எழுதியிருந்தார். கவுன்சில் எங்களிடம் விளக்கம் கேட்டது. மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தப் போட் ஆருக்கு? உங்களுக்கும் தம்பிக்கும். மற்ற ஐஞ்சு பேரும் அதுக்குப் பக்கத்தாலை நெளிஞ்சு நெளிஞ்சு வாசலுக்கு வாறம். எல்லாரும் போய் வாற போட் எண்டால் கவுன்சிலோடை நான் சண்டை பிடிக்கிறன். இல்லாட்டி வித்துப்போடுங்கோ."

"இதென்ன பெரிய விசயம்? வாற ஞாயிறே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த ஞாயிறு ஏழு பேரும் உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு ஏறினோம். மனைவி "கொஞ்சச் சாப்பாடு" கொண்டு வந்திருந்தாள். ஒரு சருவம் நிறையப் புட்டு, நண்டுக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு பெரிய பிளாஸ்க் தேத்தண்ணி, வாழைப்பழச் சீப்பு, போதாமல் போனால் என்று இரண்டு இறாத்தல் பாண். நான் எஞ்சினை முழுதாகத் திறந்தேன். அது உறுமியது. போட்டின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தியது, நாங்களோ நின்ற இடத்திலேயே நின்றதுபோல இருந்தோம். ஒரு அன்னம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனது.

மாமி கேட்டா: "தம்பி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"வெளிக்கிட்டு அரை மணித்தியாலம், மாமி."

ஆற்றுவாயில் இருக்கிற மணல்திட்டிக்குப் போய்ச் சாப்பிடுவதாகத்தான் திட்டம். போட்டைத் தண்ணீரில் இறக்கிய சரிவிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மனைவி மாத முடிவு வரை தவணை தந்தாள். அதற்குள் ஏழு பேரும் திட்டிக்குப் போய் வராவிட்டால் போட் போய்விடும்.

அடுத்த நாளே கரையோரத்து எஞ்சின் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் காது நிறைய மயிர் வைத்திருந்த ஒரு கிழவர். எஞ்சினில் பிழை இல்லை, புரொப்பெல்லர்தான் பொருந்தவில்லை என்றார். என்னிடம் இருந்தது பதினைந்து அங்குலம். அதாவது ஒரு தரம் சுற்றினால் போட்டைப் பதினைந்து அங்குலம் முன்னே தள்ளப் பார்க்கும் இறக்கை. லேசான போட்டுக்கு அது நல்ல வேகம் கொடுக்கும். பாரத்தோடு போனால், சைக்கிளில் முன்னும் பின்னும் ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்கிற மாதிரி எஞ்சின் மூச்சு வாங்கும். இந்த எஞ்சின் முழுவேகத்தில் நிமிடத்துக்கு ஐயாயிரத்துக்கும் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் சுற்ற வேண்டும். நாங்கள் இரண்டு பேர் போனபோது ஐயாயிரத்து நானூறு. ஏழு பேரோடு நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. இறக்கையில் ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறக்குறைய இருநூறு கூடும்.

எல்லாம் விளங்கியது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த எஞ்சினியர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் ஒரேயொரு கேள்வி கேட்டார். வழக்கமாக எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்?

வீட்டுக்கு வந்து கொப்பியும் பேனையுமாக விறாந்தையில் நின்றேன். மாமியிடம்தான் முதலில் போனேன்.

"மாமி, உங்கட நிறை எவ்வளவு?"

"ஏன் தம்பி, எனக்கு என்ன வருத்தம் எண்டு டொக்டர் சொன்னவர்?"

"ஒரு வருத்தமுமில்லை. போட்டுக்குத்தான்."

"நான் சாப்பிடுறதே இல்லை. நாப்பத்தைஞ்சு எண்டு போடும்."

பெரியமாமி, தங்கைக்கு எத்தனை என்று விசாரித்துவிட்டுத் தனக்கும் நாற்பத்தைந்து என்றா. மனைவி கண் இமைக்காமல் ஐம்பது என்றாள். அது எங்கள் கலியாணத்தன்று இருந்த நிறை. மச்சான் அறுபது என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். மகள்மார் முப்பது, முப்பத்தைந்து. குளிக்கிற அறைத் தராசைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தேன். மருமகனுக்கு முன்னால் அதில் ஏறுவதாவது என்று மாமிமார் இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மனைவி தராசை எடுத்துக்கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

கூட்டிப் பார்த்தேன். முந்நூற்று முப்பத்தைந்து. இதை நம்பினால் பதின்மூன்று அங்குலம் போதும். ஆனால் மாமி எழும்பினால் சோபாவும் கூட ஒரு அங்குலம் எழும்புவதை நான் தினமும் பார்க்கிறவன். பிழையான புரொப்பெல்லரைப் போட்டு இரண்டாம் முறையும் அன்னத்துக்கு வழிவிட எனக்கு மனமில்லை.

பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் அடிக்க வருகிற ஒருவர் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பழைய இரும்பு யார்ட் வைத்திருந்தார். அங்கே லொறியோடு ஏறி நிறை பார்க்கிற மேடைத் தராசு ஒன்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை குடும்பமாக வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போகிற நாள். எல்லாரும் வேனில் இருந்தார்கள். அதே சருவம், அதே பிளாஸ்க், கறி மட்டும் சைவம். நான் வழியை மாற்றி யார்ட்டுக்குள் திருப்பினேன்.

"இதென்ன இடம்?" என்றாள் மனைவி.

"குறுக்கு வழி."

வேனை மெதுவாக மேடையில் ஏற்றி நிறுத்தினேன். இரும்புக்காரர் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். சுற்றிவர நசுங்கிய கார்கள், நடுவில் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மாமிமார். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஏன் இந்த மனிசன் எங்களை இப்பிடிப் பாக்குது?" என்றா பெரியமாமி.

"லைசன்ஸ் பாக்கினம், மாமி."

அவர் ஒரு துண்டை அடித்து என்னிடம் நீட்டினார். அடுத்த நாள் நான் மட்டும் போய், வேனை மேடையில் விட்டு இறங்கி நின்று, வெறும் வேனுக்கு இன்னொரு துண்டு எடுத்தேன். வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் கும்பிட்டபோது செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டேனா, நிறை சரியாக வர வேண்டும் என்று கேட்டேனா என்பது இப்போது ஞாபகமில்லை. ஒரு துண்டிலிருந்து மற்றத் துண்டைக் கழித்தேன். என்னையும் சேர்த்து நானூற்று எழுபது கிலோ. நூற்று முப்பத்தைந்து கிலோப் பொய்யை வேனுக்குள் ஏற்றிக்கொண்டு சாமி கும்பிடப் போயிருக்கிறோம். அதில் சருவத்துக்கும் பிளாஸ்க்குக்கும் ஒரு பங்கு உண்டு. எனக்கும் உண்டு. நானே எனக்கு எழுபது என்றுதான் எழுதியிருந்தேன். தராசில் தனியே ஏறிப் பார்த்தபோது எண்பத்து நாலு.

பட்டறைக்காரர் நானூற்று எழுபது என்றதும் புருவத்தை உயர்த்திவிட்டுப் பதினொரு அங்குலத்தை எடுத்துத் தந்தார். ஞாயிறு ஓடிப் பாருங்கள், பிறகு பழசோ புதுசோ ஒன்றை என்னிடம் தந்துவிட வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று, அதுதான் பேச்சு என்றார். இன்னொன்றும் சொன்னார். பதினொன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் மட்டும் போனால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுற்றும், கத்தும், கெதியில் செத்துப்போகும். மச்சானும் நானும் கதையாமல் இருந்த சனிக்கிழமைகளுக்கு ஒரு இறக்கை, இந்தக் கும்பலுக்கு ஒரு இறக்கை. இரண்டையும் வைத்திருக்கக் காசில்லை, என் கையில் ஒன்றுதான் மிஞ்சப் போகிறது.

புதன்கிழமை மனைவி என் காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது முதல் துண்டு அகப்பட்டது. அதில் வேனின் இலக்கமும் நாளும் நிறையும் இருந்தன. சரக்கு என்ற இடத்தில் இரும்புக்காரர் பகிடியாக எழுதியிருந்ததை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"கலப்பு இரும்பு எண்டு கிடக்கு. இது அம்மாவோ, நானோ?"

"எழுதினது அவன். நான் போட்டுக்காகத்தான்…"

"கோயிலுக்கு வெளிக்கிட்ட எங்களைப் பழைய இரும்போடை போட்டு நிறுத்திருக்கிறீங்கள்."

"கேட்டனான்தானே. நீர் ஐம்பது எண்டீர்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நாலு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. வீட்டில் நான் ஆசைப்பட்ட அமைதி கடைசியில் கிடைத்தது. அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு. ஏழு பேரும் ஏறினோம். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் இருந்தாள். சருவத்தை மட்டும் பழையபடி கொண்டு வந்திருந்தாள், கோபத்திலும் பட்டினி போடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுவிட்டுத் திறந்தேன். மூக்கு நிமிர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல மூக்கு கீழே இறங்கியது, பின்பக்கம் எழும்பியது, போட் தண்ணீருக்கு மேல் ஏறிக்கொண்டு பறந்தது. சுற்றுக் காட்டும் முள் ஐயாயிரத்து இருநூறில் நின்றது. மாமி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டா. பெரியமாமியின் செருப்பு ஒன்று கடலோடு போய்விட்டது. மகள்மார் கூச்சல் போட்டார்கள். எனக்கு எஞ்சினியர் வேலை கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது.

மனைவி திரும்பினாள். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "இன்னும் ஓடுமோ?"

"ஓடும்."

"அப்ப ஓடுங்கோ."

திட்டியில் சாப்பிட்டோம். மீன் ஒன்றும் பிடிக்கவில்லை, தூண்டில் போட இடமும் இருக்கவில்லை. திரும்பி வந்து போட்டை வேனில் கொழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் மேசையில் கையை வைத்துக்கொண்டு, எதைத் தரப் போகிறீர்கள் என்று கேட்டார். பதினைந்து அங்குலம் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். இன்றைய ஓட்டம் முடிந்துவிட்டது, தவணைக்குள் போட்டும் தப்பிவிட்டது. மச்சானைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வண்டிலில் நின்ற போட்டுக்குள் மனைவி ஏறி, என் இருக்கையில் இருந்து, சுக்கானைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பதினைந்தை மேசையில் வைத்தேன். இனி இரண்டு பேராகப் போக ஏலாது, தெரியும்தானே என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்த கையைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் மனைவி போட்டிலிருந்து குனிந்து கேட்டாள்: "எதைக் குடுத்தனீங்கள்?"

"பழசை."

"நாளைக்குக் கவுன்சிலுக்கு நான் போறன்" என்றாள். பிறகு சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை விரலால் தட்டிக் காட்டினாள். "இதிலை எட்டுப் பேர் ஏறலாம் எண்டு கிடக்கு. நாங்கள் ஏழு பேர்தானே. வாற ஞாயிறு குரொய்டன் சித்தியையும் கூட்டிக்கொண்டு வருவம். அவவும் பாவம், ஒரு இடமும் போறேல்லை."

குரொய்டன் சித்தியை எனக்குத் தெரியும். எங்கள் வேனில் முன் இருக்கை இரண்டும் அவவுக்குத்தான். நிறை எவ்வளவு என்று இந்த முறை நான் கேட்கவில்லை. திரும்பிப் பட்டறைக்குள் போய், பத்து அங்குலத்தில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன்.