லமினின் கம்பும் என் வயிற்றெரிச்சலும்

இத்தாலியின் மொண்டெல்லோவில் வானத்தில் ஒரு முகிலும் இல்லையென்றால் சனம் கடவுளுக்கு நன்றி சொல்கிறது. நான் சட்டி கழுவும் கடற்கரை உணவகத்தின் முதலாளியம்மா, சிஞ்ஞோராவும் அப்படித்தான். ஆடி மாதத்தில் ஒருநாள், என்னோடு கழுவுகிற லமினிடம் ஏன் முகம் வாடிக்கிடக்கிறது என்று கேட்டார். மழை இல்லை என்றான் அவன். "ஓமோம், கடவுள் புண்ணியம்" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

லமின் சொன்னது தன் ஊரான காம்பியாவின் மழையை. மேற்கு ஆபிரிக்காவில் ஒரு ஆற்றின் இரண்டு கரையோடும் முடிந்துபோகிற சின்ன நாடு. முதல் மழைக்கு விதைத்த கம்பு முளைத்து, மழை நின்று, கருகிவிட்டது. வீட்டில் மிச்சம் ஒரு மூட்டை. அதைத் திரும்ப விதைப்பதா, தின்பதா? கப்பலில் வருகிற அரிசியோ கையைச் சுடும் விலை. விதைத்தபின் மழை ஏமாற்றினால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவன் மனைவி பின்தா வயலில் நின்றபடியே வீடியோவில் அழைத்து, என்ன செய்வோம் என்று அவனைக் கேட்பாள்.

நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமை. இலங்கையில், வன்னியில், எனக்கும் வயல் இருக்கிறது. மனைவியின் தம்பி ரூபன் செய்கிறான். விதைக்கவா, வெட்டவா என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. இவனுக்குக் கருகின வயல்கூடத் தொலைபேசி எடுக்கிறது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவர்கள் பேச்சின் நடுவில் புகுந்தேன். மழைக்கு முந்தியே புழுதியில் விதையுங்கள், எங்கள் ஊரில் நெல்லை அப்படித்தான் விதைப்போம், அது மழை வரும்வரை மண்ணுக்குள் கிடக்கும் என்று சவர்க்கார நுரை பறக்க விளக்கினேன். லமின் தன் மொழியில் சொல்ல, பின்தா நெடுநேரம் பேசினாள். என்னவாம் என்றேன்.

"கம்பை அப்பிடிப் போட்டால் எறும்பு கொண்டுபோயிடுமாம். நெல்லுக்காரன் பேசாமல் சட்டியைக் கழுவட்டாம்."

பின்தா மூட்டையில் பாதியைக் கஞ்சி காய்ச்சினாள், பாதியை விதைத்தாள். மழை வந்தது. லமின் பயிரைக் காட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வடிவாயிருக்கு என்றேன்.

புரட்டாதி முடிகிற நேரம் ரூபனுக்கு நானே அழைத்து, எப்போது விதைக்கப்போகிறாய் என்று முதலாளிக் குரலில் கேட்டேன்.

"விதைச்சு முளைச்சும் போச்சு, அத்தான். உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லேல்லை."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் கூடச் சுட்டது.

பிறகு லமினின் கம்பு கதிர் தள்ள, குருவிக் கூட்டம் இறங்கியது. அந்தக் கதிர் தப்பினால்தான் அடுத்த மழைவரை அவர்களுக்குச் சாப்பாடு. பின்தா அழைத்தாள். லமின் சிரித்தபடி தொலைபேசியை என் பக்கம் திருப்பினான்.

"நெல்லுக்காரனைக் கேக்கட்டாம். உங்கடை ஊரிலை குருவிக்கு என்ன செய்வியள்?"

வேறென்ன வேண்டும் எனக்கு? பாஸ்தாச் சட்டியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே பாய்ந்தேன்; லமின் தொலைபேசியை நீட்டியபடி பின்னால் ஓடிவந்தான். தகரம் அடிப்போம், இப்படி, என்று அடித்தேன். ஊய் ஊய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்தா தொலைபேசியைக் கம்புக்கு நேரே பிடித்தாள். என் சத்தத்துக்குக் காம்பியாவில் ஒரு குருவியும் அசையவில்லை. அவளுடைய பிள்ளைகள்தான் விழுந்து விழுந்து சிரித்து, தாங்களும் சட்டியோடு வயலுக்குள் ஓட, கூட்டம் குபீரென்று எழும்பியது. மொண்டெல்லோவில் சிஞ்ஞோராவின் மேசைகளைச் சுற்றி நின்ற புறாக்கள் எல்லாம் பறந்தன. வன்னியில், என் வயலில், ஒருவருக்கும் கேட்டிருக்காது.