தந்தமில்லாத யானை

நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தால் எங்கள் வீட்டு முன்னறையில் பீர் வாடை அடிக்கும். வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை. அலமாரிதான் அப்படி மணக்கிறது. தேக்கு ஈரத்தில் உப்பும்போது, எப்போதோ உள்ளே ஊறிய பீர் திருகாணித் துளை வழியாக வெளியே வருகிறது என்பது என் ஊகம். "வர்றவங்க எல்லாம் என்னைத்தான் சந்தேகமா பாக்குறாங்க" என்று மனைவி ஊதுவத்தி ஏற்றுவாள். இந்த வாரமும் ஏற்றினாள்.

அலமாரியில் இருப்பவை பீர் குழாய்களின் கைப்பிடிகள். மதுக்கடையில் தம்ளரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேலே ஒன்றைப் பிடித்து இழுப்பார்களே, அதுதான். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், சின்னச் சின்ன பீர் ஆலைகள் முளைத்த காலத்தில், ஆளுக்கொரு வடிவத்தில் கைப்பிடி செய்து மாட்டினார்கள். துடுப்பு, சுருட்டு, மீன்வால். கடை மாறும்போதும் ஆலை மூடும்போதும் நான் போய்க் கேட்டு வாங்கி வருவேன். பின்புறம் ஒரு சீட்டு ஒட்டி, எந்த ஆலை, யார் கொடுத்தது, என்ன கிழமை, மழையா வெயிலா என்று எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் அன்று எனக்குத் தூக்கம் வராது. கோயில் திருவிழா நோட்டீசுகளையும் இப்படித்தான் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

என் சேகரிப்பின் மகுடம் கோ யானுடைய கைப்பிடிகள். கோ யான் த்வாண்டே கால்வாய்க் கரையில் ஒரு நெல் கிடங்கை வாடகைக்கு எடுத்து பீர் காய்ச்சியவர். புளியும் பனைவெல்லமும் போட்டு ஒன்று செய்வார். முதல் வாய்க்கு ரசம் மாதிரி இருக்கும், இரண்டாவது வாய்க்கு விட மனம் வராது. பபேடானில் அவர் நடத்திய சின்னக் கடையில், பர்மிய வழக்கப்படி பிறந்த கிழமைகளுக்குரிய விலங்குகளைச் செதுக்கிக் குழாய்களில் மாட்டியிருந்தார். திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி என்று. வருகிறவர்கள் தங்கள் கிழமைக் குழாயில்தான் கேட்பார்கள்.

மின்வெட்டு நீண்டு, குளிரூட்டும் பெட்டிக்கு டீசல் ஊற்றி மாளாமல் அவர் ஆலையை மூடியபோது, கைப்பிடிகளை அரிசிச் சாக்கில் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டில் கொட்டிப் பார்த்தால் இரண்டு யானைகள். ஒன்றுக்குத் தந்தம் இருந்தது, மற்றதற்கு இல்லை. உடைந்துபோனது, அதனால்தான் புதிதாக இன்னொன்று செய்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். வாரத்துக்கு ஏழு நாள், ஏழும் வந்துவிட்டன. 'தொகுதி முழுமை' என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன். உடைந்த யானையை, ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுகிற செல்வம் ஆசையாகக் கேட்டான். கொடுத்துவிட்டேன். அவன் அதைக் கியர் கம்பியில் மாட்டிக்கொண்டான்.

பல மாதம் கழித்து கோ யான் தொலைபேசியில் கூப்பிட்டார். என்னை பர்மிய மொழியில் 'அகோ', அண்ணா, என்றுதான் அழைப்பார்.

"அகோ, நான் குடும்பத்தோட தாய்லாந்து போறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். எட்டையும் ஒருதடவை ஒண்ணா பாத்துட்டுப் போயிடறேன்."

"எட்டா?"

"எட்டுதானே! புதன் காலையில பொறந்தவங்களுக்குத் தந்தமுள்ள யானை, மத்தியானத்துக்கு மேல பொறந்தவங்களுக்குத் தந்தமில்லாதது. ராகு, அகோ. என் கிழமையே அதுதான். அதை என் கையாலயே செதுக்கினேன்."

ராகுகாலம் பார்க்காமல் வாசற்படி தாண்டாதவன் நான். பகோடாவில் பிறந்த கிழமைகளுக்கென்று இருக்கும் எட்டு மூலைகளையும் சிறுவயதிலிருந்து சுற்றி வந்தவன். எனக்கு ராகு உடைந்த யானையாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாளே ஷ்வேப்யிதா போனேன். செல்வம் கியரைக் கையால் மூடிக்கொண்டான்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா அண்ணே? இது வந்ததுலருந்து வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. பொண்ணுங்கல்லாம் தொட்டுட்டுத்தான் ஏறுதுங்க."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் அவனே தயங்கி ஒன்று சொன்னான்.

"எங்க போனாலும் என்ன கிழமைல பொறந்தேன்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியாது. கார்டுல இருக்கிறது பள்ளிக்கூடத்துல சேக்க எங்கப்பா வாய்க்கு வந்தபடி சொன்ன தேதி. நீங்கதான் பெரிய கணக்குப்பிள்ளையாச்சே. என் கிழமையைச் சொல்லுங்க, யானையை எடுத்துக்குங்க."

பந்தயம் என் மைதானத்துக்கே வந்துவிட்டது. அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். தேதி, மாதம் எதுவும் அவருக்கு நினைவில்லை. "தீமிதிக்குக் கொடி ஏத்துன அன்னைக்கு, மேளம் கேட்டுக்கிட்டே பெத்தேன். அந்த வருஷந்தான் கோயிலுக்குப் புதுத் தேரு வந்துச்சு" என்றார். எனக்கு அது போதும். நோட்டீசுக் கட்டுகளை இரண்டு நாள் பிரித்தேன். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. ஆனால் 'புதிய திருத்தேர்' என்ற வரியையும், அதற்கு மேலே 'கொடியேற்றம், சனிக்கிழமை காலை' என்ற வரியையும் விட்டுவைத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் மனைவி ஊதுவத்தியோடு ஓடிவந்தாள்.

"சனியா!" என்று செல்வம் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அதான் எங்கம்மா என்னை எப்பவும் அப்பிடியே கூப்பிடுது!" சிரித்து முடித்ததும் நோட்டீசை வாங்கி, அந்த வரியின்மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டி ஒருமுறை தானே படித்தான். பிறகு திருப்புளியை எடுத்தான்.

ஞாயிறன்று கோ யான் மேசையில் அடுக்க விடவில்லை. தரையில் உட்கார்ந்து, பகோடாவில் இருப்பதுபோலவே திசை பார்த்து எட்டையும் வட்டமாக நிறுத்தினார். வடமேற்கில் தந்தமில்லாத யானை. அதன் நெற்றி செல்வத்தின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல மின்னியது. "நான் தேச்சதைவிட நல்லா பளபளக்குதே!" என்றார். எனக்கு என்னவோ நானே அந்த ஆலையைத் திரும்பத் திறந்து வைத்துவிட்டதுபோல நெஞ்சு நிமிர்ந்தது. 'தொகுதி முழுமை' என்ற பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, என் மடத்தனத்தையும் சேர்த்துப் புதிதாக எழுதி ஒட்டினேன்.

அவர் யானையைக் கையில் எடுத்தார். இல்லாத தம்ளரை இடது கையில் சாய்த்துப் பிடித்து, பழக்கதோஷத்தில் அதை மெல்லக் கீழே இழுத்தார். கால்வாய்க் கரைக் கிடங்கில் இப்போது உர மூட்டைகள். பபேடான் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. அந்தப் புளி பீர் இப்போது ஊரில் எங்கும் ஒரு வாய் கிடைக்காது. கோ யான் தம்ளர் நிறையும் அளவுக்குப் பொறுத்திருந்து, கைப்பிடியை நிமிர்த்தினார்.