படத்திலிருந்து காணாமல் போன அம்மா

நான் காஞ்சிபுரத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். பின்னணியில் நிற்கும் கூட்டத்தை ஏ.ஐ. நீக்கிவிடும் என்றார்கள். ஆர்வம் வந்து, பக்கத்திலுள்ள ஓரிக்கையில் எடுத்த தாலி கட்டும் படத்தில் முயன்றேன். படம் பளிச்சென்று வந்தது. ஆல்பம் அச்சாகும் முன் மணப்பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அண்ணா, எங்கம்மா எங்க? தூணாண்ட நின்னுக்கினு இருந்தாங்களே!”

கணவரை இழந்தவர் என்பதால் அந்த அம்மா மேடையேறாமல் ஒதுங்கி நின்றிருக்கிறார். நல்லவேளை, ஒரிஜினல் படம் கேமரா கார்டில் இருந்தது. அதில் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று மறுபடி மறுபடி சோதித்தேன். ஒவ்வொரு முறையும் ஏ.ஐ. அவரை அழித்தது. அவர் யாரென்று படமெடுத்த எனக்கே தெரியாதபோது அதற்கு எப்படித் தெரியும்?

ஏ.ஐ.யை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்பே வீட்டாரிடம் உறவினர்களை அடையாளம் காட்டச் சொல்கிறேன், மேடைக்குக் கீழே நிற்பவர்களையும் சேர்த்து.