தவிடு கொடுத்து வாங்கவிருந்த அக்கா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "நினைவு மலர்ல நல்லத மட்டும் எழுதும்மா, ஒன் வாய்க்கு ஒரு நாளைக்காவது பூட்டு போடு" என்றார் பெரியப்பா. இளைய மகளான எனக்கு அது கைவரவில்லை. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

தெரணியகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயமொன்றில் பிறந்த அம்மா, கடைசிவரை பால்வெட்டியே வாழ்ந்தார். ருவான்வெல்லைக்கு மருமகளாக வந்தபின் முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக அக்கா பிறந்தார். அப்படிப் பிறக்கும் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்து, படித் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவது நம் வழக்கம். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம்.

அந்நாளில் தோட்டங்களுக்கு வந்துபோன வரக்காப்பொல நோனா என்ற சிங்களப் பெண்மணி ஒருவருக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். "அடுத்த லயத்துல குடுத்து என்னா பிரயோசனம்? வெள்ளக்காரங்க கையில குடுத்து வாங்குங்க, ஆயுசு கெட்டி" என்றாராம். அம்மா பிள்ளையோடும் தவிட்டோடும் அவர் வீட்டுக்குப் போனார். அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பிள்ளையை வாங்கி நெஞ்சில் சேர்த்து அழுதார். "நம்ம சடங்க எம்புட்டு உருக்கமா செய்றாங்கன்னு நெனச்சேன்டி" என்பார் அம்மா. தவிட்டை நீட்டுவதற்குள் பிள்ளையோடு வேன் புறப்பட்டுவிட்டது. விற்றுவிட்டு வந்து அழுகிறாயா என்று பொலிஸில் துரத்திவிட்டார்கள்.

உயர்தரப் பரீட்சை முடித்து இன்டர்நெட் பழகிய வேகத்தில், தத்துப் பிள்ளைகள் உறவு தேடும் பக்கமொன்றில் ஒல்லாந்திலிருந்த அக்காவைக் கண்டுபிடித்தே விட்டேன். மரபணுச் சோதனையும் பொருந்தியது. அக்கா லயத்துக்கே வந்தார். அம்மா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அக்கா ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன்.

"அம்மா, தாய் செத்துட்டான்னும் நீங்க பெரியம்மான்னும் அந்த நோனா வெள்ளக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கு. அநாதப் புள்ளையக் காப்பாத்துனோம்னுதான் அக்காவ வளத்தம்மா இத்தன வருசமும் நெனச்சிருக்காங்களாம். வயசாயிருச்சாம். உண்ம தெரிஞ்சா தாங்கமாட்டாங்களாம். அதனால…"

"அதனால?"

"நீங்க செத்தவங்களாவே இருந்துக்கச் சொல்றாங்க."

அம்மா அக்காவையே பார்த்தபடி, "நான் வித்தேன்னு நெனைக்கிறாளான்னு மட்டும் கேளு" என்றார்.

கேட்டேன். இல்லை என்றார் அக்கா.

"அப்ப சரி. இருந்துக்கிறேன்னு சொல்லு."

எடுத்துப்போனவர் மனம் நோகக் கூடாதென்று, பெற்றவர் உயிரோடு சாக வேண்டுமா? இதைப் புண்ணியம் என்பவர்கள் என்னோடு வந்து பேசட்டும்.

படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய பால்வெட்டுத் தோழிகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிய திரீவீல் தம்பிமாருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரணச் செய்திக்கு அக்காவும் பதில் எழுதியிருந்தார்: "உங்கள் அம்மாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள்." அவருக்கும் நன்றி.